நாற்காலியை உதை!

அன்று காலை அலுவலகத்தில் இன்னொரு ராஜினாமா. சரக்கு அனுப்பும் பிரிவுக்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு போய்விட்டார். அவருடைய கோப்புகள் எல்லாம் கணக்கர் மேஜைக்கு வந்தன. அங்கே ஏற்கெனவே போனவர்களின் கோப்புகளே கழுத்துவரை இருந்தன.

எல்லாவற்றுக்கும் காரணம் 'நாற்காலியை உதை!' என்ற புத்தகம். "சிங்கம் சம்பளம் வாங்குவதில்லை! அடிமை வேலையை இன்றே விடு!" என்று பக்கத்துக்குப் பக்கம் கர்ஜிக்கும் அந்த நூலை எழுதியவர் பெயர் 'எரிமலை'. யார் அந்த எரிமலை என்கிறீர்களா? சாட்சாத் நம் கணக்கர்தான்! அரை நாள் விடுப்புக் கேட்கப் போய், முதலாளி அறை வாசலில் தொண்டையைச் செருமிவிட்டுத் திரும்பி வந்துவிடுகிற மகா சூரர்.

புத்தகம் வெளிவந்த அன்றைக்கே வீட்டில் மனைவி எச்சரித்திருந்தாள். "ஊருக்குத்தான் உபதேசம்னு இருந்துடுங்க. நீங்களும் வேலையை விட்டீங்கன்னா மக படிப்பு அவ்வளவுதான், சொல்லிட்டேன்."

"எனக்கென்ன பைத்தியமா? அதெல்லாம் படிக்கிறவங்களுக்கு எழுதினதுடி!"

இப்போது டைப்பிஸ்ட் அம்மாள் கையிலும் அதே புத்தகம். அது எப்படி ஒவ்வொரு மேஜைக்கும் வந்து சேர்கிறது என்று கணக்கர் யோசிக்கவில்லை. புகழுக்குக் கால் முளைத்துவிட்டது என்று பூரித்துப்போனார். ஆனால் இந்த அம்மாளும் கிளம்பினால் கடிதம் அடிக்கிற வேலையும் தன் தலையில்தான் விடியும் என்று அவள் மேஜையருகே போனார்.

"மேடம், அதையெல்லாம் நம்பாதீங்க. எழுதினவன் சுத்த டுபாக்கூர்."

அம்மாள் பக்கத்தைப் புரட்டினாள். "'உன்னைத் தடுப்பவன் பொறாமைக்காரன். அவன் வாய் திறந்த நிமிடமே கிளம்பு.' அப்படின்னு இதுலயே போட்டிருக்கு சார். நல்லவேளை, ஞாபகப்படுத்தினீங்க. நான் வரேன்."

கைப்பையை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டாள். அடப்பாவி எரிமலையே என்று கணக்கர் தன்னையே வைதுகொண்டார்.

பார்த்தால் கேஷியரும் பேனாவைத் திறந்து கடிதம் எழுத உட்கார்ந்திருந்தார். இனி ஒளித்துப் பயனில்லை. கணக்கர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

"சார், எழுதாதீங்க! நான்தான் எரிமலை. நானே சொல்றேன், வேலையை விடாதீங்க!"

கேஷியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "நீங்களா? அப்ப நீங்க ஏன் சார் இன்னும் இங்க குந்திட்டிருக்கீங்க?"

மிச்சமிருந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள்.

"சிங்கம் சம்பளம் வாங்காதுன்னீங்க. போன வாரம் வரிசையில முதல் ஆளா நின்னீங்களே!"

"ஓவர்டைம் காசைக்கூட விடலையே சார், உங்க சிங்கம்!"

சிரிப்பு கூரையைப் பிய்த்தது. கணக்கருக்கு மானம் கப்பலேறியது. அதே சமயம் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மூன்று பதிப்பும் விற்றுத் தீர்ந்துவிட்டதாகப் பதிப்பாளர் சொல்லியிருந்தார். மூன்று பதிப்பு! இத்தனை ஆயிரம் பேர் தன்னைப் படிக்கும்போது இந்தச் சுண்டைக்காய் வேலை எதற்கு? மகள் படிப்பைப் புத்தகமே பார்த்துக்கொள்ளாதா?

"பாருங்கடா!" என்று கத்தி நாற்காலியை ஓங்கி உதைத்தார். நாற்காலி அசையவில்லை. கட்டைவிரல்தான் வீங்கியது. நொண்டிக்கொண்டே போய் முதலாளியிடம் 'எரிமலை' என்று கையெழுத்துப் போட்ட ராஜினாமாவை நீட்டினார்.

முதலாளி அதை இரண்டு தடவை படித்தார். எழுந்து வந்து கட்டிக்கொண்டார். அவர் கண்கூடக் கலங்கியிருந்தது.

"உங்களை மாதிரி எழுத்தாளர் இருக்கறதாலதான் சார் இந்தக் கம்பெனி பிழைக்குது."

கணக்கருக்குத் தலைகால் புரியவில்லை. தெருவுக்கு வந்ததும் பதிப்பாளருக்குப் போன் போட்டார்.

"வேலையை உதறிட்டேன்! இனிமே முழுநேர எழுத்துதான். நாலாவது பதிப்பை உடனே அச்சுக்குக் கொடுங்க!"

"ஐயையோ, அவசரப்பட்டுட்டீங்களே சார்! ஆளைக் குறைச்சா நஷ்டஈடு கொடுக்கணும், புத்தகம் கொடுத்தா தானாப் போயிடுவாங்கன்னு எல்லாக் கிளைக்கும் சேர்த்து மூணு பதிப்பையும் மொத்தமா வாங்கினதே உங்க முதலாளிதான். இப்பதான் போன் பண்ணாரு, அனுப்ப வேண்டிய கடைசி ஆளும் போயாச்சாம், இனிமே புத்தகம் வேண்டாமாம்!"