பாலத்தில் ஒரு கேடயக்காரன்

ஒட்வர் மறுபடியும் ஆற்றில் விழுந்தார்.

விழுந்தது திரையில்தான். ஆனாலும் மோல்டே ஊரில் தன் வீட்டு சோபாவில் கம்பளிக் காலுறையோடு உட்கார்ந்திருந்தவருக்குக் கால் சில்லிட்டது.

மகள் சிக்னெ கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த வீடியோ கேம் அது. ஒரு பாலம், அதைத் தாண்டினால் கோட்டை. கோட்டைக்குள் வந்துவிட்டால் தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்தே விளையாடலாம் என்று சொல்லியிருந்தாள். கல்யாணமாகி அவள் வடக்கே துரோம்சோ போன பிறகு பேச்சு குறைந்துவிட்டது. விஷயமில்லாமல் ஒருவருக்குப் போன் செய்யும் பழக்கம் ஒட்வர் குடும்பத்தில் எந்தத் தலைமுறையிலும் இருந்ததில்லை.

பாலத்தின் நடுவே, இரும்புத் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு, ஆளுயரக் கேடயத்தோடு ஒரு காவலாளி நின்றான்.

ஒட்வர் படகு எஞ்சின்களைப் பழுது பார்த்தே தலை நரைத்தவர். இதுவும் ஓர் எந்திரம்தான், எங்கோ ஒரு திருகு இருக்கும் என்று நம்பினார். தொடக்கத்தில் வந்த விளக்கப் பக்கங்களைப் படிக்கவில்லை. எஞ்சினோடு வரும் கையேட்டையே அவர் என்றும் படித்ததில்லை. வாள் கேடயத்தில் பட்டால் தெறித்துப் பின்னால் போகிறது, அந்த அரை நொடி நம் மார்பு திறந்து கிடக்கிறது, அவன் குத்துகிறான். இதுவரை புரிந்தது. திருகுதான் அகப்படவில்லை.

இது ஒரு விஷயம். ஆகவே போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"கேடயத்தை ஏன்பா வெட்டுறீங்க?" என்றாள் சிக்னெ. "ஒரு பக்கம் வெட்டுற மாதிரி பாவ்லா காட்டுங்க. அவன் கேடயத்தை அங்க கொண்டுபோவான். நீங்க இந்தப் பக்கம் இறக்குங்க."

போனில் டக் டக்கென்று சத்தம் கேட்டது. என்னவென்று கேட்டார். ஸ்வெட்டர் பின்னுவதாகச் சொன்னாள்.

ஒட்வர் பாவ்லா காட்டினார். காவலாளி அசையவில்லை. மறுபக்கம் வாளை இறக்கியபோது, கேடயம் அங்கே வந்து காத்திருந்தது. மறுபடியும் ஆற்றுக்குள்.

அடுத்த நாள் உதைக்கச் சொன்னாள். உதைத்தால் கேடயம் தள்ளாடுமாம். ஒட்வர் ஓடிவந்து உதைத்தார். காவலாளி மரியாதையாக ஒதுங்கிக்கொண்டான். வந்த வேகத்தில் ஒட்வர் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போனார். பூட்ஸும் போயிற்று. பிறகு, கோடரியால் கேடயத்தைப் பிளக்கலாம் என்றாள். நல்ல வாளைக் கொடுத்துவிட்டுக் கோடரி வாங்கினார். அது கேடயத்தில் சிக்கிக்கொண்டது. இப்போது காவலாளியிடம் கோடரியும் இருந்தது. ஒட்வரிடம் துருப்பிடித்த பழைய வாள் ஒன்றுதான்.

"நாம பேசினதை ஒட்டுக் கேட்ட மாதிரியே நிக்கிறான் சிக்னெ."

"எந்திரம் எங்கயாவது ஒட்டுக் கேக்குமாப்பா?" டக் டக் வேகமாயிற்று.

ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு போன். கேடயத்தில் தொடங்கிய பேச்சு அவளுடைய புது வேலைக்கும் அவருடைய முழங்காலுக்கும், காட் மீனை எவ்வளவு நேரம் வேகவைப்பது என்பதற்கும் போய்வந்தது. ஒருநாள் போனை வைத்த பிறகுதான், கேடயத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அதற்காக இன்னொரு முறை போன் செய்தார்.

ஈஸ்டருக்கு முன்தினம் திருகு அகப்பட்டது. கேடயத்துக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டே யாரும் குத்த முடியாது. குத்துவதற்குக் கேடயத்தை ஒதுக்கியாக வேண்டும். ஆகவே நாம் முதலில் வெட்டவே கூடாது. அவனைக் குத்தவிட்டு, ஓர் அடி பின்வாங்கி, நீட்டிய கை திரும்புவதற்குள் வெட்ட வேண்டும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஒட்வர் காத்திருந்தார். காவலாளி குத்தினான். அவர் பின்வாங்கினார். அவன் மார்பு அகலத் திறந்து கிடந்தது.

விரல் பொத்தானில் இருந்தது. அழுத்தவில்லை. பாலத்தைத் தாண்டிவிட்டால் நாளைக்கு எந்த விஷயத்துக்காகப் போன் செய்வது? இந்த மனிதன் முதல் நாளே வழிவிட்டிருந்தால், மகளுக்கு வேலை மாறியதே தனக்குத் தெரிந்திருக்காது.

வாளை உறையில் போட்டார். குனிந்து வணங்கும் பொத்தானைத் தேடி அழுத்தினார். "ரொம்ப நன்றிப்பா," என்று திரையைப் பார்த்து வாய்விட்டும் சொன்னார்.

காவலாளி அப்படியே நின்றான். பிறகு மெல்லக் கேடயத்தைத் தரையில் வைத்துவிட்டு, ஓரமாக ஒதுங்கி வழிவிட்டான்.

ஒட்வர் பாய்ந்து போனை எடுத்து மகளை அழைத்தார். எடுத்தது மருமகன் ஷூர்.

"சிக்னெவைக் கூப்பிடுங்க மாப்பிள்ளை. காவலாளி வழி விட்டுட்டான். வெட்டவே இல்ல, குனிஞ்சு நன்றி சொன்னேன், அவ்வளவுதான்."

 ஷூருக்குப் பின்னால் யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"இங்க இருந்தே பொத்தானைத் தட்டிக்கிட்டு, அந்த இரும்புத் தொப்பிக்குள்ள இத்தனை நாளா நின்னது உங்க பொண்ணுதான் மாமா," என்றான் அவன். "இனிமே விஷயம் இல்லாமலே போன் பண்ணுங்க, அவ பாலத்தை மறிக்க மாட்டா."