வெள்ளி இறங்கும் என்று நான் சொன்னது

புதிதாக எதையாவது கற்றுக்கொள்கிறவர்களை முதல் சில மாதங்களுக்கு வீட்டில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். முக்கியமாக, கையில் இருக்கும் போனைப் பிடுங்கிவிட வேண்டும். என்னை யாரும் அப்படிச் செய்யவில்லை. அதனால்தான் என் மாமா பொண்ணு கவிதாவின் கல்யாணச் சீரில் இருக்க வேண்டிய வெள்ளிக் குடம் காணாமல் போனது. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு விதமாக இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். என் தரப்பையும் ஒருமுறை எழுதி வைத்துவிடுகிறேன்.

அப்போது நான் பி.காம். முடித்துவிட்டுப் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். முகூர்த்தம் இல்லாத நாட்களில் ஈ ஓட்டுவதுதான் வேலை. அப்படி ஒரு நாளில்தான் போனில் அந்த இலவச வானியல் வகுப்பு கண்ணில் பட்டது. வீடியோ பார்க்க வேண்டும், கடைசியில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், சரியாகச் சொன்னால் ஒரு பச்சை டிக் வரும். பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்கு இத்தனை டிக் போட்டதில்லை. பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்று முதல் பாடத்தில் சொன்னார்கள். அதைவிட வேகமாக என் தலைக்கனம் விரிந்தது. (சேலை மடிக்கும் அக்காவிடம் போய், "நம்ம உடம்புல இருக்கிற இரும்பு நட்சத்திரத்துக்குள்ள செஞ்சது, தெரியுமா?" என்றேன். "எனக்கு ரத்தத்துல இரும்பே இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரும்மா" என்றாள்.)

அந்த வகுப்பிலேயே இன்னொரு இணையதளத்தைக் காட்டினார்கள். நம் ஊரையும் ஒரு கிரகத்தையும் கொடுத்தால், அது தினமும் பொழுது சாயும்போது எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று கோடு போட்டுக் காட்டும். தை மாதம். வேலை முடிந்து வெளியே வந்தால் மேற்கே பளிச்சென்று ஒன்று நிற்கும். அதுதான் வீனஸ் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இத்தனை வருஷமும் விமானம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. இதை நாலு பேருக்குச் சொல்லாமல் எப்படித் தூங்குவது?

கோட்டுப் படத்தைச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அதோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. திடீரென்று தமிழ்ப் பற்று பொங்கி, வீனஸ் என்ற பெயரை அடித்துவிட்டுத் தமிழில் எழுதினேன். "வெள்ளி இப்போது உச்சத்தில் உள்ளது. அடுத்த மாதம் சரசரவென்று இறங்கும். பங்குனி பிறந்ததும் அடிமட்டத்துக்கு வந்துவிடும்."

எங்கள் ஊரில் வெள்ளி என்றால் ஒரே ஒரு பொருள்தான். ஜரிகைக்குள் இருப்பது வெள்ளி. வெள்ளி ஏறினால் ஜரிகை ஏறும், ஜரிகை ஏறினால் சேலை ஏறும், அன்றைக்கு ஊரே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். என் மாமா ஜரிகைக் கடை வைத்திருப்பவர். காலையில் பல் துலக்குவதற்கு முன்பே வெள்ளி விலை பார்ப்பவர். போதாக்குறைக்கு எங்கள் தெருவில் பாதிப் பேர் போனில் ஷேர் மார்க்கெட் வகுப்பு படித்துக்கொண்டிருந்தார்கள். "எங்க பொண்ணும் ஆன்லைன்ல ஏதோ ஏறுறது இறங்குறது எல்லாம் படிக்கிறா" என்று என் அம்மா வேறு பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள்.

அன்று சாயங்காலமே மாமா போன் செய்தார்.

"பாப்பா, நீ போட்ட கோடு பார்த்தேன்மா. வெள்ளி இறங்கும்ன்றியே, நிச்சயமா?"

"நிச்சயம் மாமா. யாரும் தடுக்க முடியாது."

"யாரு சொல்றது இதை?"

"விஞ்ஞானிங்க. உலகம் பூரா ஒத்துக்கினு இருக்காங்க."

"அவசரப்பட வேணாம்ன்ற?"

"இன்னும் ஒரு மாசம் இருக்குது மாமா. பொறுமையாவே பாருங்க. கீழ வரவர மெலிஞ்சு பிறை மாதிரி ஆயிடும், அதுதான் அழகு."

"மெலியட்டும், மெலியட்டும். தங்கம் எப்படிம்மா?"

தங்கம் எப்படி உண்டாகிறது என்று போன வாரப் பாடத்தில்தான் வந்திருந்தது. மாமாவுக்கு இவ்வளவு ஆர்வமா என்று புல்லரித்துவிட்டது. "தங்கம் வேற கதை மாமா. ரெண்டு பெருசு ஒண்ணோட ஒண்ணு மோதணும்" என்றேன். நான் சொன்னது நட்சத்திரங்களை. மாமா நினைத்தது நாடுகளை. "வாஸ்தவம். டிவியிலயும் சண்டை வரும்னுதான் சொல்றான்" என்று வைத்துவிட்டார்.

இந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

கவிதாவின் கல்யாணம் சித்திரையில். மாப்பிள்ளை வீடு பக்கத்துக் கிராமமான தாமலில், விவசாயக் குடும்பம். அவர்கள் எதுவும் கேட்கவில்லை. நிச்சயதார்த்தத்தன்று மாமாதான் சபையில் எழுந்து நின்று, "ஜரிகைக் கடைக்காரன் பொண்ணு, வெள்ளிக் குடத்தோடதான் வருவா" என்று வாக்குக் கொடுத்தார். குடத்துக்கான பணத்தையும் தனியாக எடுத்து வைத்திருந்தார். அந்த வாரமே வாங்குவதாக இருந்தவர், என் கோட்டைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாசி முழுக்க வானத்து வெள்ளி நான் சொன்னபடியே இறங்கியது. கடை வெள்ளி தினமும் ஏறியது.

பங்குனி பிறந்ததும் ஒரு சாயங்காலம் மாமா வீட்டுக்கு வந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"இன்னாம்மா இது, இறங்கவே இல்லியே?"

"இறங்கிடுச்சே மாமா. நேத்தெல்லாம் கண்ணுலயே படல."

"கண்ணுல படலயா? கடைத் தெருவுக்குப் போய்ப் பாரு, எங்க நிக்குதுன்னு."

"கடைத் தெருவுல எப்படி மாமா தெரியும்? மொட்டை மாடிக்கு வாங்க, காட்டறேன்" என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். நான் மொட்டை மாடிக் கதவைக் கையால் காட்டிக்கொண்டே நின்றேன். கை அப்படியே நிற்கும்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அந்த நிமிஷமே தரை பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. மாமா திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். "சபையில சொன்ன வார்த்தைம்மா" என்று மட்டும் சொன்னார்.

கையில் இருந்த பணத்துக்கு ஒரு சொம்புதான் வரும் என்றாகிவிட்டது. சம்பந்தி வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "நீதானே சொன்ன. நீயே வந்து சொல்லு" என்று என்னையும் பஸ் ஏற்றித் தாமலுக்குக் கூட்டிப்போனார்.

மாப்பிள்ளையின் அம்மாவும் அப்பாவும் போண்டாவும் வேர்க்கடலையும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டேன். போண்டாவைத் தட்டின் நடுவில் வைத்து, இது சூரியன் என்றேன். ஒரு கடலை பூமி, இன்னொரு கடலை வெள்ளி. வெள்ளியைப் போண்டாவுக்கு முன்னால் நகர்த்தி, "இப்ப இங்க வந்துடுச்சு, அதான் நம்ம கண்ணுக்குத் தெரியல" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளையின் அப்பா வெள்ளியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அது சரிம்மா. குடம் எங்க?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

இதற்கு மேல் சுற்றி வளைக்க முடியாது. நான் எழுதியது கிரகத்தை, மாமா படித்தது விலையை என்று நடந்ததை நடந்தபடி சொன்னேன். சொம்புதான் வரும் என்றும் சொன்னேன். ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாங்க குடம் கேக்கவே இல்லியே சம்பந்தி. எதுக்கு இப்படிக் குறுகிக்கினு உக்காந்திருக்கீங்க?" என்றார் அந்தம்மா. பிறகு கணவர் பக்கம் திரும்பி, "ஆனா எங்க அண்ணன் வீட்டுல கேப்பாங்க. இன்னான்னு சொல்றது?" என்றார்.

"வானத்துல இருந்து இறங்கிக்கினு இருக்குதுன்னு சொல்லு" என்றார் அவர், இன்னொரு கடலையை எடுத்துக்கொண்டு. அதுதான் பூமி.

கல்யாணம் நிற்கவில்லை. மாமாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை, சொம்பு வாங்கப் போன அன்றைக்கும் பாத்திரக் கடையில் சுரத்தில்லாமல் நின்றார். கூடவே வந்திருந்த கவிதா அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேர் வெட்டுகிறவர் மெஷினைக் கையில் எடுத்து, "என்னம்மா வெட்டணும்?" என்று கேட்டார்.

"குடம்னு வெட்டுங்க" என்றாள் கவிதா.

"இது சொம்பும்மா."

"தெரியும். குடம்னே வெட்டுங்க. எங்க அப்பா சபையில சொல்லியிருக்காரு."

மாமா வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிப்பு. ஒரு மாசமாக நாங்கள் கேட்காத சிரிப்பு அது, எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்தச் சொம்பு இன்றைக்கும் தாமல் வீட்டின் பூஜை அறையில் இருக்கிறது, அந்த வீட்டில் அதற்குக் குடம் என்றுதான் பேர். கவிதாவின் பெண் எல்.கே.ஜி. போகிறாள். போன மாதம் டீச்சர் படத்தைக் காட்டி, இது குடம் என்றிருக்கிறார். இவள் எழுந்து, அது குடமே இல்லை, எங்கள் வீட்டில் இருப்பதில் பேரே எழுதியிருக்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள் என்று ஒரே அடம். டீச்சர் கவிதாவைக் கூப்பிட்டுக் கேட்க, "அதை இவ அத்தை படிச்ச படிப்புல இருந்து சொல்லணும் டீச்சர்" என்று என் நம்பரைக் கொடுத்துவிட்டாள்.

அந்த டீச்சருக்கு ஒரு சொம்பு எப்படிக் குடமானது என்று விளக்க, நான் சூரியனில் இருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.