சாமிக்கு வைத்த சாவி

எனக்கு எதையும் நோண்டிப் பார்க்கிற புத்தி உண்டு. மூடியைப் பிடிக்காமல் மிக்சியை முழு வேகத்தில் திருப்பினால் என்ன ஆகும் என்று பார்த்து, சமையலறைச் சுவரெல்லாம் தேங்காய்ச் சட்னி பூசியவள் நான். அப்படிப்பட்டவளிடம் அபாயத்தை அளக்கும் வேலையை ஒரு நிறுவனம் ஒப்படைத்தால் என்ன ஆகும்? (ஆனது.)

ஒரகடத்தில் எங்கள் அலுவலகம். சுற்றியுள்ள தொழிற்சாலைகளுக்கு நாளை தேவைப்படும் மின்சாரத்தை இன்றே சந்தையில் ஏலம் கேட்டு வாங்கித் தருவது எங்கள் தொழில். காய்கறி வாங்குவது மாதிரிதான். என்ன, மிஞ்சியதை ஃபிரிட்ஜில் வைக்க முடியாது. கூட வாங்கினாலும் நஷ்டம், குறைய வாங்கினாலும் நஷ்டம். அது எதுவரை போகலாம் என்று அளந்து திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டும் புது சிஸ்டம் ஒன்று வந்திருந்தது. ஏலம் கேட்கிறவர்களுக்கு அதைப் பழக்கிவிடும் ஒருங்கிணைப்பாளர் நான். கோவில்பட்டியிலிருந்து வந்து சுங்குவார்சத்திரத்தில் ஹாஸ்டலில் இருந்தேன். சிஸ்டம் நிலைத்தால் எனக்கும் வேலை நிரந்தரம். ஒரு ஏலம் தவறினாலும் சிஸ்டத்தைக் கட்டி அனுப்பிவிடுவோம் என்று சென்னைத் தலைமை அலுவலகத்து மேடம் சொல்லியிருந்தார். கூடவே என்னையும் என்று அவர் சொல்லவில்லை, எனக்கே புரிந்தது.

ஏலத்தில் மூத்தவர் ஏழுமலை அண்ணன், வடக்குப்பட்டுக்காரர். சிஸ்டத்தை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "இத்தினி வருஷம் நாங்க இன்னா கண்ண மூடிக்கினா வாங்கினோம்?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். சிவப்பு வந்தால் ஏலம் பூட்டிக்கொள்ளும். அவரிடம் கொடுத்திருந்த, பென்டிரைவ் போன்ற ஒரு சாவியைச் செருகினால்தான் திறக்கும். அதை டிராயரில் பேனா மூடிகளோடு போட்டு வைத்திருந்தார். எனக்கோ உள்ளுக்குள் ஒரு ஆசை. அந்தச் சிவப்பு எப்படித்தான் இருக்கும்? நான் பார்த்ததே இல்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், ஆபீஸில் காலையிலேயே பூஜை. அப்போதுதான் அந்த அபாரமான யோசனை உதித்தது. சிஸ்டத்தை இவர்கள் தங்களுடையதாக நினைக்க வேண்டுமென்றால், அதற்கும் பொட்டு வைத்தால் போயிற்று! சாவியை எடுத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, பொரிகடலைத் தட்டின் நடுவில் நானே வைத்தேன். ஏழுமலை அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. கற்பூரம் காட்டி முடிந்ததும் முதல்முறையாகத் திரைக்கு எதிரில் வந்து உட்கார்ந்து, இது என்னவெல்லாம் காட்டும் என்று கேட்டார். எல்லாம் காட்டியது. பச்சை மஞ்சளானது. மஞ்சள் சிவப்பானது.

நல்ல செம்பருத்திச் சிவப்பு. (ஒரு கணம் ரசித்தேன், மறைப்பானேன்.) பிறகுதான் காரணத்தைத் தேடினேன். தொழிற்சாலைகளின் மீட்டர்கள் ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டிருந்தன. மெஷின்களை நிறுத்தி, துடைத்து, பூஜை போடுகிறார்கள். நாளை விடுமுறை என்று சிஸ்டத்துக்குச் சொல்லியிருந்தேன். பூஜையை முந்தின நாள் ஷிப்டிலேயே போட்டுவிடுவார்கள் என்று சொல்லவில்லை. வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஓடிவிட்டார்கள் என்று முடிவுகட்டி அது ஏலத்தைப் பூட்டிவிட்டது. பன்னிரண்டு மணிக்குச் சந்தை மூடும். பண்டிகையிலும் அணைக்க முடியாத கண்ணாடி உலை ஒன்று நாளைய மின்சாரத்துக்கு எங்களை நம்பியிருந்தது. ஏலம் தவறினால் உலைக்காரர்கள் வேறு ஆளைப் பார்ப்பார்கள், நான் வேறு வேலையைப் பார்க்க வேண்டும்.

"அண்ணே, அந்தச் சாவிய எடுங்க."

"சாமிக்கு வச்சத எப்டிம்மா எடுக்கறது? மறுபூஜை போட்டுதான் எடுக்கணும். நீதானே வச்ச?"

அவர் வீம்புக்குச் சொல்லவில்லை. சிஸ்டத்தை மதிக்கத் தொடங்கிவிட்டார், அதுதான் வினை. மறுபூஜை விஜயதசமிக்கு. இப்போதே போட்டுவிடலாம் என்று கெஞ்சினேன். யோசித்து, சரி என்றார். ஆனால் கற்பூரம் தீர்ந்திருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவே எதிர் டீக்கடைக்கு ஓடினேன். கற்பூரம் கொடுத்தவர், இத்தனை அவசரமாக எந்தச் சாமி என்று விசாரித்தார். மூச்சிரைக்கத் திரும்பி வந்து ஆரத்தி காட்டினேன். ஏழுமலை அண்ணன் நிதானமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டு சாவியைக் கொடுத்தார். செருகினால் உள்ளே போகவில்லை. வாய் முழுக்கச் சந்தனம்! புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நோண்டினேன். (நோண்டுகிற புத்தி அன்றைக்குத்தான் முதல்முறையாக உதவியது.)

சாவி நுழைந்தது. சிஸ்டம் காரணம் கேட்டது. விரலுக்கு வந்ததைத் தட்டினேன்: 'சாமி கும்பிடறாங்க'. ஏலம் போய்ச் சேரவும் சந்தை மூடவும் சரியாக இருந்தது.

நான் தட்டிய காரணம் மேலதிகாரிகள் எல்லோருடைய போனுக்கும் போகும் என்பது, மேடத்தின் அழைப்பு வந்தபோதுதான் ஞாபகம் வந்தது. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று போனை எடுத்தேன். நடந்ததைக் கேட்டவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். கும்பிடுவது சரி, மெஷினை ஏன் நிறுத்த வேண்டும் என்று மட்டும் கேட்டார். போனை ஏழுமலை அண்ணனிடம் நீட்டினேன்.

"வருஷம் பூரா ஓடிக்கினே கீது மேடம். நாம கும்பிடசொல்ல அது ஒரு நிமிஷம் நின்னு வாங்கிக்க வேணாமா?"

எனக்கு வேலை நிரந்தரமானது. அந்தக் காரணமும் நிரந்தரமாகிவிட்டது; சிஸ்டத்தின் காரணப் பட்டியலில் 'மழை', 'மின்தடை' இவற்றுக்குக் கீழே இன்றும் 'சாமி கும்பிடறாங்க' இருக்கிறது. இப்போதெல்லாம் புதிதாக எந்த ஊர் ஆபீஸுக்குப் போனாலும், உங்கள் ஊரில் எதை எப்போது நிறுத்துவீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

வீட்டில் அந்த மரியாதையும் கிடையாது. ஆயுத பூஜைக்கு அம்மா அரிவாள்மணையை வைப்பாள், தம்பி ஸ்பேனரை வைப்பான். என் லேப்டாப்பைத் தட்டுப் பக்கமே விடமாட்டார்கள். எனக்கென்று ஒரு ஊக்கை எடுத்து, சின்னதாகப் பொட்டு வைத்து, "இது அக்காவோட ஆயுதம்" என்று வந்தவர்களிடமெல்லாம் தம்பி காட்டுவான்.