மாமனாரின் பச்சைத் தலை

இரசாயனம் படிப்பிக்கிறவர்களை வீட்டுக் காரியங்களில் தலையிட விடக் கூடாது. இதை என் மனைவி வதனா கலியாணமான காலந்தொட்டுச் சொல்லி வருகிறாள்.

அது போர்க்காலம்; அப்போது நாங்கள் புதுத் தம்பதிகள். மருதனார்மடத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் இருந்தோம்; நான் ரியூட்டரி என்கிற தனியார் வகுப்பு ஒன்றில் இரசாயனம் படிப்பித்தேன். கடற்கரைப் பக்கம் ஷெல்லடி கூடியதால் வதனாவின் பெற்றோரும் தங்கை சுகியும் வல்வெட்டித்துறையிலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். மாமா கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தலை நிறைய வெள்ளை முடி, பஞ்சுப் பொதி மாதிரி. அவர் அதைச் சீவி முடிப்பதற்குள் நாங்கள் சாப்பிட்டுக் கையும் கழுவிவிடுவோம். அத்தோடு, காலையில் நீந்தாவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது.

கடலில்லாத ஊரில் எங்கே நீந்துவது? தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சக் கட்டிய பெரிய சீமெந்துத் தொட்டி ஒன்று இருந்தது. மாமா அதற்குள் இறங்கி நாலு வீச்சு வீசுவார், சுவர் வரும், திரும்புவார். ஆனால் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில் பம்பை நினைத்தபடி ஓட்ட முடியாது. தண்ணீர் மாற்றாததால் தொட்டியில் பாசி படர்ந்தது.

"தம்பி, பாசி வழுக்குது. விழுந்தால் இடுப்புப் போயிடும்," என்றார் மாமா.

புது மருமகன் திறமையைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? முன்பு திராட்சைக் கொடிக்கு அடிக்க வாங்கிய மயில்துத்தம் ஒரு போத்தலில் கிடந்தது. (அதுதான் செப்புச் சல்பேற்று. நீலக் கற்கண்டு மாதிரி இருக்கும்.) பாசியைக் கொல்லக் கொஞ்சம் போதும் என்று ரியூட்டரியில் படிப்பிக்கிறவனும் நான்தான். ஆனாலும் கெதியாகச் சாகட்டும் என்று கை நிறைய அள்ளிப் போட்டேன். மறுநாளும் போட்டேன்.

தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்தது. "படிச்ச மருமோன் எண்டால் இப்பிடியெல்லோ இருக்கவேணும்!" என்று மாமா அயலெல்லாம் சொல்லித் திரிந்தார். "தண்ணிதான் கொஞ்சம் கைக்குது" என்று இடையிடையே சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சுகியைப் பொம்பிளை பார்க்க மானிப்பாயிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வரவிருந்த அன்று காலை, வதனா ஓடி வந்தாள்.

"இஞ்சாருங்கோ, அப்பான்ரை தலை பச்சையாய்க் கிடக்கு!"

"பாசியாயிருக்கும். கழுவச் சொல்லும்."

"பாசியைத்தான் நீங்கள் அழிச்சுப்போட்டியளே!"

போய்ப் பார்த்தேன். முற்றத்து வெயிலில் மாமா நின்றார். தலை முழுவதும் வெங்காயத் தாளின் நிறம். தண்ணீரில் இருந்த செம்பு வெள்ளை முடியில் வடிவாகப் பிடித்திருந்தது. என் தலையும் அதே தொட்டியில்தான் நனைந்தது. கறுப்பு முடியானதால் தப்பினேன்.

"மொட்டை அடிப்பமோ, மாமா?"

"நல்ல காரியத்திலை மொட்டையோடை நிண்டால், ஆர் செத்ததெண்டெல்லோ கேப்பினம்!"

அறைக்குள் சுகி அழத் தொடங்கினாள். மாமி ஒரு பக்கமாக இருந்து குத்துவிளக்கைப் பழப்புளி போட்டு மினுக்கிக்கொண்டிருந்தார். அதைக் கண்டதும்தான் என் மூளை வேலை செய்தது. விளக்கில் பிடித்த களிம்பைப் புளி எடுக்குமென்றால் மாமாவின் தலையில் பிடித்ததையும் எடுக்கத்தானே வேண்டும்? மாமியிடமிருந்து புளியைப் பறித்து, புளிப்பான தேசிக்காய்ச் சாற்றில் கரைத்து, மாமாவின் தலையில் அப்பினேன். நன்றாக ஊறட்டும் என்று மாமரத்தடியில் கதிரை போட்டு இருத்தினேன்.

புளி மூக்கில் வழிய வழிய மாமா என்னைத் திட்டிக்கொண்டிருக்கும்போது படலை திறந்தது. பின்னேரம் வரவேண்டியவர்கள், பின்னேரம் ஆமிக்காரன் ஷெல்லடிப்பான் என்ற பயத்தில் காலையிலேயே சைக்கிளில் வந்துவிட்டார்கள்.

கரியரிலிருந்து இறங்கிய மாப்பிள்ளையின் தாய் அப்படியே நின்றார். "ஐயாவுக்குத் தலையிலை என்ன?"

நான் முந்திக்கொண்டேன். "தலைக்கு வைத்தியம், அம்மா. கொஞ்ச நாளாய் இப்பிடித்தான்."

(தலைக்கு வைத்தியம் என்றால் எங்கள் பக்கத்தில் விசருக்கு, அதாவது பைத்தியத்துக்கு, வைத்தியம் என்ற ஒரே பொருள்தான் என்பது, சொல்லி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.)

அந்த அம்மா கணவரின் கையைப் பிடித்து இழுத்தார். "குடும்பத்திலை விசர் இருக்குப் போலை. நாளைக்குப் பிள்ளையளுக்கும் வரும். வாங்கோ, வெளிக்கிடுவம்."

சைக்கிள் திரும்பியது. உள்ளே சுகியின் அழுகை உச்சத்துக்குப் போனது.

மாமா எழுந்தார். கிணற்றடிக்குப் போய் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டு, சொட்டச் சொட்டப் படலைக்கு ஓடினார். தலை அநேகமாக வெளுத்திருந்தது. ஒரு காதுக்கு மேலே மட்டும் பச்சைக் கீற்று.

"எனக்கு விசரில்லை. விசர் உவருக்குத்தான்!" என்று என்னைக் காட்டினார். "நான் நீந்திற தொட்டியிலை மயில்துத்தத்தை அள்ளிப் போட்டு என்ரை தலையைப் பச்சையாக்கிப்போட்டு, இப்ப என்னைப் புளியிலை ஊறவைச்சிருக்கிறார். வந்து பாருங்கோ!"

மாப்பிள்ளையின் தகப்பன் கிட்ட வந்து அந்தக் கீற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னையும் பார்த்தார்.

"உவர் ஆர்?"

"என்ரை மூத்த மருமோன்."

"உங்களுக்கு முந்தியே சொந்தமோ?"

"சீச்சீ, பிறத்தி! ஒரு சொந்தமுமில்லை."

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "கேட்டீரே? விசர் மருமோனுக்குத்தானாம். பொம்பிளையின்ரை ரத்தத்திலை இல்லை. வாரும், உள்ளை போவம்."

கலியாணம் பேசி முடிந்தது. அன்று முழுக்க நான் வாய் திறக்க வதனா விடவில்லை. தேத்தண்ணித் தட்டைக்கூட என் கையில் தரவில்லை.

சுகி இப்போது ரொறன்ரோவில் இருக்கிறாள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அவர்களில் யாராவது சோதினையில் கோட்டை விட்டாலோ, காரை மதிலில் கொண்டுபோய் இடித்தாலோ, சுகியின் கணவர் உடனே எனக்குத்தான் தொலைபேசி எடுப்பார்.

"அண்ணை, உங்கடை ரத்தம் இல்லையெண்டு எங்கடை அப்பா வடிவாய் விசாரிச்சுத்தானே எனக்குக் கட்டிவைச்சவர்? பிறகெப்பிடி?"