நடுப்பக்கத்தில் மாமாவைக் காணோம்

அன்பும் மரியாதையும் மிகுந்த ஆவுடையப்பன் மாமாவுக்கு,

போர்ட் பிளேர் டெலானிபூரிலிருந்து வைஜெயந்தி எழுதுவது. இங்கே நான், உங்கள் மாப்பிள்ளை அன்பழகன், பாப்பா ரூபா மூவரும் சுகம். மதுரையில் நீங்களும் உங்கள் மகள் அலமுவும் சுகமாக இருப்பீர்கள், ஆபரேஷன் செய்த வலது கண் அதைவிடச் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். கட்டு அவிழ்த்தாயிற்று, பெரிய எழுத்தாக இருந்தால் அப்பா படிப்பார் என்று அலமு போனில் சொன்னாள். அதனால்தான் சினிமா போஸ்டர் மாதிரி எழுதுகிறேன், ஒரு பக்கத்துக்கு நாலு விஷயம்கூட அடங்கவில்லை. இந்தக் கடிதம் விஜயதசமி முடிந்த கையோடு வந்திருக்க வேண்டும். தாமதத்துக்குக் காரணம் சோம்பல் இல்லை, பயம்.

"எப்படிம்மா நடந்துச்சு?" என்று நீங்கள் போனில் கேட்டபோது, "சூப்பரா நடந்துச்சு மாமா" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்த வாய். போனில் எனக்கு உண்மை வராது மாமா, எதிர்முனையில் நீங்கள் ஒரு "ம்" போட்டால் போதும், அழுதுவிடுவேன். காகிதம் "ம்" போடாது. ஆகவே முழுவதையும் இதில் கொட்டிவிடுகிறேன். கடைசிவரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நீங்கள் கப்பல் ஏறுமுன் சொன்னதை நான் ஒன்றுவிடாமல் செய்தேன். 'கிரே லைட்ஹவுஸ்' பேண்டின் புரோகிராம் புத்தகங்கள் இரண்டையும், நீங்கள் கப்பல் இன்ஜின் ரூமில் வேலை பார்த்த நாளில் ஹாம்பர்க்கில் கச்சேரி வாசலிலேயே வாங்கிய எழுபத்தாறாம் வருஷத்து சிவப்பையும் எழுபத்தொன்பதாம் வருஷத்து நீலத்தையும், பீரோவில் வைத்து உள்ளே பல்பை அணையாமல் எரியவிட்டேன். கரண்ட் போகும்போதெல்லாம் பூஞ்சை பிடித்துவிடுமோ என்று என் பட்டுப்புடவையை விட்டுவிட்டு அவற்றுக்குத்தான் விசிறினேன். வருஷம் முழுக்கத் திறக்கக் கூடாது, சரஸ்வதி பூஜைக்கு எடுத்துச் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும், மறுநாள் விஜயதசமி காலையில் உங்கள் பழைய கூட்டாளிகள் நாகராஜ் அங்கிளும் சுசீலா ஆன்ட்டியும் வந்ததும் குழந்தைகள் பாடம் தொடங்குவது போல முதல் பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும் என்ற உங்கள் சட்டமெல்லாம் எனக்கு மனப்பாடம். அட்டையில் தலைமயிரை விரித்துப் போட்டு நிற்கிற பாட்டுக்காரருக்கு நெற்றியில்தான் குங்குமம் வைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தார். எனக்கு அவர்கள் பாட்டு ஒன்றும் புரியாது என்பது உங்களுக்குத் தெரியும், ஆனால் நடுப்பக்கம் எனக்கும் உயிர். நீலப் புத்தகத்தின் நடுவில் இரண்டு பக்கத்துக்கும் விரிகிற அந்தக் கூட்டத்தின் போட்டோவில், இடது ஓரத்தில், கட்டம் போட்ட சட்டையில், கையைத் தூக்கிக்கொண்டு, மிளகு அளவு முகத்தோடு நிற்பது நீங்கள் என்று சொல்லிச் சொல்லித்தானே என்னை வளர்த்தீர்கள்?

பூஜை மாலையில் முடிந்தது. பொரி, கடலை, வெல்லம் வைத்த தட்டு புத்தகங்களுக்கு முன்னால் இருந்தது. நான் அடுப்பில் சுண்டலைக் கிளறிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பாப்பா தவழ்ந்து போய் வெல்லத்தை ஒரு கையிலும் நீலப் புத்தகத்தை மறு கையிலும் பிடித்திருக்கிறாள். ஓடிப் போய்ப் பிடுங்கியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. உங்கள் மாப்பிள்ளை குறுக்கே கையை நீட்டி, "வைஜூ, தொடாதே! பூஜையில வெச்ச புக்கை நாளைக்கு எடுக்கிற வரைக்கும் அசைக்கக் கூடாது" என்றார்.

"அவ அசைக்கிறாளே!"

"அவ குழந்தை. சாமி கணக்குல வராது. நாம எடுத்தாதான் தப்பு."

"அப்ப அவளைத் தூக்குங்க."

"அவ கையில புக் இருக்கே. அவளைத் தூக்குனா நாம புக்கைத் தூக்குன மாதிரிதானே?"

துறைமுகத்தில் கப்பலுக்கு அனுமதி கொடுக்கிற வேலை பார்க்கிறவர் இல்லையா, எதையும் விதிப்படிதான் யோசிப்பார். நானும் புத்தி கெட்டுப் போய், "கற்பூரம் காட்டிட்டு எடுக்கலாமா?" என்று கேட்டேன். அதற்கு அவர் யோசித்தார். அவர் யோசிக்கிற நேரத்துக்குள் 'சர்ர்' என்று ஒரு சத்தம். பாப்பா வாயை மூடிக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள். எடுத்து விரித்தேன் மாமா. ஆயிரம் பேர் இருக்கிற கூட்டத்தில் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாட்டுக்காரர் இருக்கிறார், கலங்கரை விளக்கம் மாதிரி செய்து வைத்த மேடை விளக்கு இருக்கிறது. இடது ஓரத்தில், நீங்கள் நின்ற இடத்தில், கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை.

வாய்க்குள் விரலை விட்டுத் தேடினேன், வெல்லம்தான் வந்தது. அப்புறம் எனக்குக் கவலை இரண்டாகப் பிரிந்தது. மாமா போய்விட்டாரே என்று ஒன்று, மாமா பாப்பா வயிற்றுக்குள் போய்விட்டாரே என்று ஒன்று. அந்தக் காலத்து அச்சு மையில் ஈயம் இருந்ததா என்று போனில் தேடித் தேடிக் கண் எரிந்தது. டாக்டருக்கு போன் போட்டால், "என்ன பேப்பர் சாப்பிட்டா?" என்றார். "வெளிநாட்டுக் கச்சேரி புரோகிராம் டாக்டர், எழுபத்தொன்பது." என்றேன். "தானா வெளிய வந்துடும்மா" என்று வைத்துவிட்டார். அதிலிருந்து பாப்பாவின் நாப்கின்களை நான் பரிசோதித்த விதத்தை எழுதினால் நீங்கள் காபி குடிக்க மாட்டீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன், நீங்கள் வரவே இல்லை.

விஜயதசமி அன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்காவது போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் சுசீலா ஆன்ட்டி திக்லிபூரிலிருந்து முதல் நாளே ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் குலுங்கி வந்து தங்கச்சி வீட்டில் தங்கியிருந்தார்கள். நர்ஸ் வேலையில் ரிட்டயர் ஆன பிறகும் இந்த ஒரு நாளைத் தவறவிடாதவர்கள். கையில் ஒரு பை நிறையத் தேங்காய். நாகராஜ் அங்கிள் வேட்டியும் உருப்பெருக்கிக் கண்ணாடியுமாக வந்துவிட்டார். முதல் புத்தகம் சிவப்பு, அது வரைக்கும் தப்பித்தேன். ஆன்ட்டி வழக்கம் போல டிரம்ஸ் வாசிப்பவருக்குப் பிடித்த சாப்பாடு உருளைக்கிழங்கு என்கிற வரியை உரக்க வாசித்து, "பாவம், இன்னைக்கு சுகர் வந்திருக்கும்" என்றார்கள். அங்கிள் ஆர்கன் பெட்டியைக் கண்ணாடியில் பார்த்து, "எழுதி வெச்சுக்கோ, இது நம்ம படாக் மரம். சாத்தம் மில்லுல நாங்க அறுத்துக் குடுத்தது" என்றார். அவருக்கு உலகத்தில் எந்த மரச்சாமானைப் பார்த்தாலும் அது அவர் வேலை பார்த்த மில்லில் அறுத்ததுதான். பிறகு நீலத்தை எடுத்தார். நீங்கள் இல்லாவிட்டாலும் வருஷா வருஷம் உங்களோடு போடுகிற அந்த போட்டோ சண்டையைப் பாதியாவது போட்டுவிடுவது என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஆவுடை அங்க படுத்திருந்தாலும் நான் சொல்றதைத்தான் சொல்வேன். கச்சேரி வாசல்ல வித்த புஸ்தகத்துக்குள்ள கச்சேரி பார்க்க வந்தவன் போட்டோ எப்படிய்யா வரும்?"

"அரே நாகு பாயி, அது முந்தின கச்சேரி போட்டோன்னு அவர் எத்தனை தடவை சொல்லியாச்சு" என்றார்கள் ஆன்ட்டி. "ரெண்டுக்கும்தானே போனாரு?"

"போனான், போனான். அது பொம்பளை மூஞ்சி மாதிரி இருக்குன்னு நான் அன்னைக்கே சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டே நடுப்பக்கத்தை விரித்தார்.

ஓட்டை வழியாக அவருடைய வேட்டி தெரிந்தது.

நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்: வெல்லம், கற்பூரம், டாக்டர் எல்லாம். ஆன்ட்டி, "க்யா பாத் ஹை!" என்று ஹிந்தியில் வியந்து பாப்பாவை வாங்கி வயிற்றைத் தட்டிப் பார்த்தார்கள். "கல்லு மாதிரி இருக்கா. ஒண்ணும் ஆகாது. வாழைப்பழம் குடு." அங்கிள் மட்டும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அது ஆவுடைதான்யா."

"ஹைங்?" என்றார்கள் ஆன்ட்டி. "இத்தனை வருஷமா இல்லைன்னு அடிச்சு சொன்னீங்க?"

"ஆள் எதிர்ல உட்கார்ந்திருந்தா இல்லைன்னு சொல்லலாம். இப்ப அங்கயும் ஆளைக் காணோம், இங்கயும் ஆளைக் காணோம். எப்படி இல்லைன்னு சொல்றது?" வேட்டி முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கையைத் தூக்குறது அவன் தூக்குறதுதான். எனக்குத் தெரியாதா?"

ஜெயித்துவிட்டீர்கள் மாமா. நீங்கள் எத்தனையோ விஜயதசமி வாதாடிக் கிடைக்காத தீர்ப்பை ஒரு பல் முளைத்த பாப்பா ஒரே கடியில் வாங்கித் தந்துவிட்டாள். அதோடு விட்டார்களா? ஓட்டையோடு வைக்கக் கூடாது என்று ஆன்ட்டி உத்தரவு போட, நீங்கள் ரேஷன் கார்டுக்கு எடுத்து மீந்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைத் தேடி எடுத்து, பின்பக்கமாகச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிவிட்டார்கள். போட்டோ பெரிது, ஓட்டை சிறிது. அதனால் இப்போது எழுபத்தாறாம் வருஷத்து ஹாம்பர்க் இளைஞர் கூட்டத்துக்கு நடுவே உங்களுடைய மூக்குக்கண்ணாடியில் பாதியும் நரைத்த மீசையில் பாதியும் மட்டும் எட்டிப் பார்க்கின்றன. பாட்டுக்காரரையே முறைப்பது போல இருக்கிறது. அங்கிள் அதைப் பார்த்துச் சிரித்து இருமி, தண்ணீர் கேட்டு, மறுபடி பார்த்து மறுபடி சிரித்தார். இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் வரை உங்கள் பழைய கேசட்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாப்பா அந்த இரைச்சலிலேயே தூங்கினாள். உண்மையைச் சொன்னால், போனில் நான் சொன்னது அவ்வளவு பெரிய பொய் இல்லை. நன்றாகத்தான் நடந்தது.

ஆகவே மாமா, அந்தத் துண்டு போனது போனதுதான், இனி வராது. நீங்கள் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். இனி அது நீங்கள் இல்லை என்று சொல்ல இந்தத் தீவில் ஆள் கிடையாது.

அலமுவுக்கு என் அன்பு. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல்லுங்கள். உங்கள் கண் நல்லபடி தெளிந்து, அடுத்த பூஜைக்குள் கப்பல் ஏறி வந்து, உங்கள் கையால் புத்தகத்தைத் திறக்க அந்தச் சரஸ்வதியே துணை இருக்கட்டும். பாப்பா தன் ஒற்றைப் பல்லோடு தாத்தாவுக்கு மன்னிப்பு கேட்கிறாள்.

உங்கள் பாசமுள்ள மருமகள்,
வைஜெயந்தி

பி.கு.: இதை மட்டும் தனியாக இருக்கும்போது படியுங்கள். கவரை ஒட்டுமுன் பூஜைத் தட்டைத் தேய்க்க எடுத்தேன். அடியில் வெல்லப் பாகோடு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது, முழுசாக. நாகராஜ் அங்கிள் உருப்பெருக்கிக் கண்ணாடியை இங்கேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார், சும்மா இருக்க முடியாமல் அதை வைத்துப் பார்த்துவிட்டேன். கட்டம் போட்ட சட்டை நீங்கள் சொன்னது போலவேதான் இருக்கிறது. காதில் தொங்கட்டான் போட்டிருக்கிறது. உதட்டில் சாயமும் உண்டு. அங்கிளிடமும் ஆன்ட்டியிடமும் மூச்சு விடவில்லை, உங்கள் மாப்பிள்ளையிடம்கூடச் சொல்லவில்லை. துண்டைக் குங்குமப் பொட்டலத்தில் மடித்து இத்துடன் வைத்திருக்கிறேன், என்ன செய்வது என்பது உங்கள் இஷ்டம். ஒரு மாதத்துக்குப் பொடியான எதையும் உற்றுப் பார்க்கக் கூடாது என்று உங்கள் கண் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாராமே? ரொம்ப நல்ல டாக்டர் மாமா. அவர் சொன்னபடியே கேளுங்கள்.