பீங்கான் மயில் உடைந்தபோது கடைப்பிடிக்கப்பட்ட ஒழுங்குமுறைகள்

உலகத்துக்கு மாத்தளை மாவட்டம் வழங்கிய கொடைகளில் மிளகுக்கு இரண்டாவது இடம்தான். முதலிடம், போன வீட்டில் பிள்ளை எதையாவது உடைத்துவிட்டால் பெரியவர்கள் நடந்துகொள்ளும் முறைக்கு. மிளகு எங்கேயும் விளையும். இந்த முறை வேறெங்கும் இவ்வளவு செழிப்பாக விளைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நான் வேறெங்கும் போனதுமில்லை என்பது தனி விஷயம்.

ஓ.எல். பரீட்சைக்கு முந்திய வருடமே பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் இந்த ஒரு பாடத்தில் என்னை யாரும் பெயிலாக்க முடியாது.

பொருள் உடைந்ததும் பிள்ளையின் தாய் கையை ஓங்க வேண்டும். தாமதித்தால் 'வளர்ப்பு சரியில்லை' என்று பதிவாகிவிடும். ஓங்கிய கை இறங்குவதற்கு முன் வீட்டுக்காரர் பாய்ந்து அதைப் பிடித்து, "விடுங்க, சின்னப் புள்ளதானே" என்று சொல்ல வேண்டும். பிடிக்கும் அதிகாரம் அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே உண்டு. பிள்ளையின் தகப்பன் பிடிக்கக் கூடாது. பிடித்தால், அடிக்கும் உத்தேசமே இருக்கவில்லை என்ற உண்மை வெளிப்பட்டுவிடும். அடுத்து வீட்டுக்காரர், "அது பழசு, வீசத்தான் வச்சிருந்தோம்" என்பார். அவர் மனைவி, "கண்ணூறு கழிஞ்சிருச்சுன்னு நெனைச்சுக்குவோம்" என்பார். கூட்டுவதற்குத் தும்புத்தடி வரும். அதைப் பிடித்து இரண்டு பெண்களும் கொஞ்சநேரம் இழுபறிப்பட வேண்டும். வீட்டுக்காரியே வெல்ல வேண்டும். பிள்ளை 'சொறி' சொல்லி மன்னிப்புக் கேட்கும். எல்லோருக்கும் இரண்டாவது தடவை தேத்தண்ணி வரும்.

இந்த ஏற்பாட்டின் மகத்துவம் என்னவென்றால், விருந்தாளியின் பிள்ளை உடைத்த பொருளுக்காக வீட்டுக்காரர் வாயே திறக்க முடியாது. அதே பொருளை அவர் மனைவி உடைத்திருந்தால் மூன்று மாதம் திறந்து வைத்திருக்கலாம்.

இனி மயிலுக்கு வருகிறேன்.

ரத்தோட்டையில் இருக்கும் மாணிக்கவாசகம் ஐயா எனக்கு 'நண்பர்'. அதாவது, நான் காவல் பார்க்கும் மிளகு, கறாம்பு ஸ்டோரில் அவர் பெரிய கிளாக்கர். யாருக்குப் பகல் டியூட்டி, யாருக்கு இரவு டியூட்டி என்று பட்டியல் எழுதுவது அவர் கை. ஆறு வருடமாக அந்தக் கை என்னை இரவுப் பக்கத்திலேயே எழுதிக்கொண்டிருந்தது. என் மகள் ஹம்சிகாவுக்கு ஏழு வயது. அவள் என்னை அனேகமாகத் தூங்குகிற நிலையில்தான் பார்த்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் வரையச் சொன்னபோது அம்மாவை நிற்கவைத்து, என்னைப் படுக்கவைத்து, கண்ணை மூடி வரைந்திருந்தாள். டீச்சர் என் மனைவி விஜிதாவைக் கூப்பிட்டுத் துக்கம் விசாரித்தார்.

அதற்குப் பிறகுதான் பகல் டியூட்டி கேட்பது என்று முடிவெடுத்தேன். இந்த மாதிரி விஷயத்தை ஒபிஸில் கேட்கக் கூடாது. வீட்டுக்குப் போய், தேத்தண்ணி குடித்து, எழுந்திரிக்கும்போது கேட்க வேண்டும். நான் எப்படிப் போவது என்று யோசித்துக்கொண்டிருக்கையில், அதிசயமாக, அவர் மனைவி கமலாட்சி அம்மாவே விஜிதாவுக்குப் போனில் கோல் எடுத்தார்.

"போயா லீவுக்கு மூணு பேரும் வாங்க. மகளையும் கட்டாயம் கூட்டிட்டு வரணும். வீட்டுல புள்ளைங்க சத்தம் கேட்டு எவ்ளோ நாளாச்சு."

போயா, பௌர்ணமி அன்று காலையிலும் ஒரு கோல்.

"மகளுக்குக் காய்ச்சல் கீச்சல் ஒண்ணும் இல்லத்தானே?"

"இல்லீங்கம்மா."

"அப்படி இருந்தாலும் பரவால்ல. கொண்டாங்க."

குழந்தைகள்மேல் இப்படியொரு பாசத்தை நான் எங்கும் கண்டதில்லை. ஆறு வருடத்தில் கமலாட்சி அம்மா என் மகளின் பெயரை ஒருமுறையும் கேட்டதில்லை என்பதை வைத்துப் பார்த்தால், அந்தப் பாசம் எவ்வளவு காலமாக உள்ளுக்குள் தேங்கியிருந்திருக்கும் என்று யோசித்தேன்.

ரத்தோட்டை பஸ்ஸில் விஜிதா மகளுக்கு வகுப்பெடுத்தாள். "ஒண்ணையும் தொடக் கூடாது. கை ரெண்டையும் முழங்காலுக்கு நடுவுல வச்சுக்க. பிஸ்கட் குடுத்தா?"

"ஒண்ணு மட்டும் எடுக்கணும்."

"இன்னொண்ணு எடுக்கச் சொன்னா?"

"வேணாங்க, வயிறு நெறஞ்சிருச்சுன்னு சொல்லணும்."

"நெறயலைன்னா?"

"அப்பயும் நெறஞ்சிருச்சுன்னுதான் சொல்லணும்."

"வெரி குட்," என்றேன்.

மாணிக்கவாசகம் ஐயாவின் வீட்டு ஹோலில், ரிவர்ஸ்டன் பக்கத்து மலை தெரிகிற ஜன்னலுக்கு எதிரே, ஒரு கண்ணாடி ஷோகேஸ் இருக்கிறது. அதன் நடுத்தட்டில், ஒரு பச்சை வெல்வெட் துணியின்மேல், பீங்கான் மயில் ஒன்று இருப்பது ஸ்டோரில் எல்லோருக்கும் தெரியும். பழைய மெனேஜர் ஓய்வுபெற்றுப் போகும்போது தன் கையாலேயே ஐயாவுக்குக் கொடுத்தது. வெள்ளிக்கிழமைகளில் ஐயா அதைத் துடைப்பார். வேறு யாரும் ஷோகேஸைத் திறக்கக் கூடாது. சேவையின் முப்பது வருடத்தையும் அந்த மயில் ஒற்றைக் காலில் தாங்கி நின்றது என்று அவரே ஒரு பிரியாவிடைக் கூட்டத்தில் பேசியிருக்கிறார். அன்று பிரியாவிடை வேறொருவருக்கு.

நாங்கள் போன அன்று மயில் ஷோகேஸில் இல்லை. தேத்தண்ணி மேசையின் மூலையில், பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் நின்றது. கழுத்தைச் சுற்றி ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. அது புதிது. ஐயா குளித்துக்கொண்டிருந்தார்.

"மகளுக்கு மயில் புடிக்குமா?" என்று கேட்டார் கமலாட்சி அம்மா.

ஹம்சிகா கை இரண்டையும் முழங்கால்களுக்கு நடுவே இறுக்கினாள். "புடிக்கும் ஆன்ட்டி."

"அப்ப எடுத்துப் பாருங்க தங்கம்."

"வேணாங்க."

"சும்மா எடுங்க. ஆன்ட்டி ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"வயிறு நெறஞ்சிருச்சு," என்றாள் ஹம்சிகா.

விருந்தோம்பலில் கமலாட்சி அம்மா சளைத்தவரல்ல. பிஸ்கட் தட்டை மெல்ல நகர்த்தி மயிலுக்குப் பின்னால் வைத்தார். இனி எந்தப் பிஸ்கட்டை எடுப்பதானாலும் மயிலைக் கடந்தே போக வேண்டும். பாத்ரூம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "பிஸ்கட்டாவது எடுங்க மகள். உள்ள இருக்கிற கிரீம் பிஸ்கட்ட எடுங்க," என்று அவசரப்படுத்தினார்.

ஹம்சிகா கையை நீட்டினாள். சட்டைக் கை ரிப்பனில் பட்டது. மயிலின் தலை, கழுத்தோடு, கிரீம் பிஸ்கட்டுகளின்மேல் சரிந்தது. சிலீரென்ற சத்தமே இல்லை. கழற்றி வைத்ததுபோல அமைதியாக விழுந்தது. அப்படியொரு மரியாதையான உடைவை நான் அதுவரை பார்த்ததில்லை.

கமலாட்சி அம்மா, "ஐயோ, மயிலு" என்றார். தலை விழுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே சொல்லிவிட்டாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, துவாயால் தலையைத் துடைத்துக்கொண்டே ஐயா ஹோலுக்குள் வந்தார்.

விஜிதா ஒழுங்குமுறைப்படி கையை ஓங்கினாள். ஓங்கிக்கொண்டு ஐயாவைப் பார்த்தாள்.

ஐயா மயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓங்கிய கையைக் காற்றில் எவ்வளவு நேரம் வைத்திருப்பது? விஜிதா கமலாட்சி அம்மாவின் பக்கம் திரும்பினாள். அவர் தும்புத்தடி எடுக்கக் குசினிக்குப் போய்விட்டிருந்தார். உடைந்ததில் கூட்டுவதற்கு ஒரு துகளும் இல்லை, இருந்தாலும் போனார். பிடிக்க வேண்டியவர்கள் இருவரும் கடமை தவறிவிட்டார்கள். எனக்கோ அதிகாரம் கிடையாது. விஜிதா அடித்தாள். அடித்துவிட்டு, பிடிப்பதற்கு இன்னொரு சந்தர்ப்பம் கொடுப்பதுபோல மறுபடி ஓங்கி, ஐயாவைப் பார்த்தாள். ஐயா குனிந்து தலையைப் பிஸ்கட்டிலிருந்து எடுத்து, கிரீமைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது ஓங்கலின்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

"விடுங்க," என்றார். "சின்னப் புள்ளதானே."

முறைப்படி அடுத்து வர வேண்டியது 'அது பழசு'. அவர் வாயைத் திறந்தார், வரவில்லை. இரண்டாவது முயற்சியில், "அது... அவ்ளோ புதுசில்ல" என்றார். அந்த மனிதர் தன் வாழ்க்கையில் சொன்ன மிகக் கஷ்டமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். உள்ளேயிருந்து கமலாட்சி அம்மா, "கண்ணூறு கழிஞ்சிருச்சுன்னு நெனைச்சுக்குவோம்ங்க" என்றார். குரல் மிகத் தெளிவாக இருந்தது.

ஹம்சிகா அழவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நான் ஒடைக்கல. அது முன்னாடியே ஒடஞ்சிருந்துச்சு. உள்ள ஒட்டியிருக்கு, பாருங்க."

பிள்ளை உண்மை பேசினால் என்ன செய்வது என்பதற்கு ஒழுங்குமுறைகளில் ஏற்பாடு எதுவும் இல்லை. ஐயா மயிலின் தலையை எனக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தார், சாட்சிப் பொருள்போல. உடைந்த இடத்தைச் சுற்றிலும் காய்ந்த பசை மஞ்சளாக வழிந்திருந்தது. அதில் ஒரு சின்ன விரலின் ரேகைகூடப் பதிந்திருந்தது. பெண் விரல்தான், ஆனால் ஏழு வயது விரலல்ல. ஐயாவுக்குக் கண்ணாடி போடாமல் ஒரு அடிக்குள் இருப்பது தெரியாது. எனக்குத் தெரிந்தது.

கமலாட்சி அம்மா தும்புத்தடியோடு வாசலில் நின்றார். மயிலை அவர் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். முப்பது வருடச் சேவையின் கோபம் முழுவதும் தன் தலையில் இறங்குமா இறங்காதா என்பது என் வாயில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என் டியூட்டிப் பட்டியல் எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரிந்திருந்தது.

"பெரியவங்க முன்னால பொய் சொல்லக் கூடாது," என்றேன் மகளிடம். "அங்கிளுக்கு சொறி சொல்லு."

"அப்பா, ஒட்டி—"

"சொல்லு."

"சொறி அங்கிள்," என்றாள் ஹம்சிகா. ஆனால் கமலாட்சி அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

தேத்தண்ணி வந்தது. இஞ்சி போட்டிருந்தது. எழுந்திரிக்கும்போது நான் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கமலாட்சி அம்மாவே ஆரம்பித்தார்.

"என்னங்க, இந்தக் கணபதி எத்தனை வருஷமா ராத்திரியில முழிச்சிட்டுக் கெடக்காரு. புள்ளயைப் பார்த்து வளர்க்கத் தகப்பன் பகல்ல வீட்டுல இருந்தாத்தானே, இந்த மாதிரி ஒடைக்காம வளரும்."

"அதுவும் சரிதான்," என்றார் ஐயா, தலையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டே. மயிலின் தலையை.

அடுத்த கிழமையே என் பெயர் பகல் பக்கத்துக்கு மாறியது. மூன்று பெரியவர்களின் மானமும் காப்பாற்றப்பட்டது; நாலாவதாக என் தூக்கமும். ஒரு பீங்கான் கழுத்துக்கு இத்தனை பேரைக் காப்பாற்றும் வல்லமையைக் கொடுத்த நம் பண்பாட்டை எப்படிப் புகழ்வது என்றே தெரியவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஹம்சிகா யாருடனும் பேசவில்லை. களைப்பாக இருக்கும் என்று விஜிதாவிடம் சொன்னேன். விஜிதாவும் அப்படித்தான் இருக்கும் என்றாள். அவள் வலது கையை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

இப்போது நான் மாலையில் வீட்டில் இருக்கிறேன். ஹம்சிகா புதிதாக வரைந்த படத்தில் நிற்கிறேன். வாய் மட்டும் வரையவில்லை. கேட்டதற்கு, இடம் போதவில்லை என்றாள்.

வீட்டில் இருப்பவன் சும்மா இருக்க முடியுமா? போன வியாழக்கிழமை, விஜிதா கோயிலுக்குப் போயிருந்தபோது, பாத்திரம் கழுவினேன். அவள் அக்கா குவைத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த பூப்போட்ட கண்ணாடிப் பாத்திரம் ஒன்று உண்டு. விஜிதா அதில் சமைத்ததில்லை. அன்றைக்குத் தூசி படிந்திருந்ததே என்று எடுத்தேன். சவர்க்காரக் கை. சிங்க் விளிம்பில் பட்டு நேர் பாதியாகப் பிரிந்தது.

ஹம்சிகா மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். பென்சிலை வைத்துவிட்டு எழுந்து, மேசை லாச்சியைத் திறந்து, பசைக் குழாயைக் கொண்டுவந்து எனக்குப் பக்கத்தில் வைத்தாள். மூடியையும் கழற்றித் தந்தாள்.

"ஞாயித்துக்கிழமை யாரு வீட்டுப் புள்ளய வரச் சொல்லலாம்பா?"

நான் பாதியின் விளிம்பில் பசையைப் பிதுக்கினேன்.

"சசிக்குமார் மாமா வீட்டுப் பாப்பாவைக் கூப்பிடலாமா? அவளுக்கு இன்னும் பேச வராது," என்றாள். "ஒட்டியிருந்துச்சுன்னு சொல்ல மாட்டா."

ஒரு தகப்பனாக நான் அந்த இடத்திலேயே அவளைக் கூப்பிட்டு நிறுத்திக் கண்டித்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு பாதியையும் சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தேன். பசை காயும்வரை கையை எடுக்க முடியவில்லை.