கழுதையின் தற்போதைய நிலை

வாசிப்பு மாதம் பிறக்க இன்னும் பதினெட்டு நாள் இருக்கையில், அந்தக் கடற்கரைக் கிளை நூலகத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. சுற்றறிக்கை வருவது அங்கே புதுமையல்ல. புத்தகங்கள் வர வருடக்கணக்காகும், சுற்றறிக்கைகள் கிழமைக்கு இரண்டு வரும். ஆனால் இது பச்சை நிறத் தாளில் வந்திருந்ததால் நூலகர் முஃபீதா எழுந்து நின்றே வாசித்தாள்.

சிறுவர் மற்றும் இளையோர் நூல்களைக் காணொளி வாயிலாகக் கொண்டாடுதல் என்பது தலைப்பு. பிள்ளைகள் இப்போது புத்தகம் வாசிப்பதில்லை, காணொளிதான் பார்க்கிறார்கள் என்பதைத் திணைக்களம் ஆழ்ந்த கவலையுடன் அவதானித்திருந்தது. ஆகவே ஒரு பிள்ளை புத்தகம் வாசிப்பதைக் காணொளியாக எடுத்து மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டினால், மற்றப் பிள்ளைகளும் வாசித்தவர்கள் ஆவார்கள். நான்காம் பந்தி இதை இன்னும் தெளிவாக்கியது: காணொளியை ஒருவர் ஒருமுறை பார்த்தால், அந்நூலை ஒருவர் ஒருமுறை வாசித்ததாகக் கருதிப் பதிதல் வேண்டும். ஏழாம் பந்தி கண்டிப்பானது: கொண்டாட்டத்துக்குத் தெரிவாகும் நூலின் புதுமை கெடாதிருக்கும்பொருட்டு, கொண்டாட்டம் முடியும்வரை அதை எவரும் வாசித்தலாகாது.

முஃபீதா தில்லையடியில் பஸ் ஏறி, பாலாவியில் இறங்கி, இன்னொரு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவள். மூன்று வருடமாகத் தற்காலிகப் பதில் நூலகர். நிரந்தரமாக்கும் கடிதம் வருகிறது, வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆகவே எந்தச் சுற்றறிக்கையிலும் அவளுக்குப் பிழை தென்படுவதில்லை. அன்று பின்னேரமே புதிதாக வந்த ஒரேயொரு சிறுவர் புத்தகத்தைத் தெரிவு செய்து, அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அங்கேதான் வினை பிடித்தது. அந்தப் புத்தகத்தை டிலுக்ஷி பாதி வாசித்திருந்தாள்.

டிலுக்ஷி ஆறாம் வகுப்பு. தகப்பனுக்குப் படகு, தாய் அனஸ்தாசியாவுக்குக் கருவாட்டு வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே நூலகத்துக்கு வந்து, மூலைக் கதிரையில் காலை மடித்து உட்கார்ந்துவிடுவாள். புதுப் புத்தகம் ஆறு மாதத்துக்கு வெளியே போகக்கூடாது என்று வேறொரு சுற்றறிக்கை இருந்ததால், மூடுகிற மணி அடிக்கும்வரை வாசித்துவிட்டு விட்ட பக்கத்தின் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போவாள். அது உப்பளத்தில் வேலை செய்த சீனி என்ற கழுதையின் கதை. சீனி ஒருநாள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, நாற்பத்திரண்டாம் பக்கத்தின் முடிவில் கடல் நடுவே ஒரு மணல்திட்டில் தனியே நின்றது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மணி அடித்துவிட்டது.

மறுநாள் அவள் உள்ளங்கையை விரித்துக்கொண்டு வந்தபோது புத்தகம் பூட்டுக்குள் இருந்தது.

"மிஸ், ஒரு பக்கம் மட்டும் பாத்திட்டுத் தாறன்."

"ஏலாது மகள். வாசிப்பு மாதம் வருது. இப்ப வாசிக்கக்கூடாது."

"அப்ப எப்ப வாசிக்கிற?"

"வாசிப்பு மாதம் முடியட்டும்."

டிலுக்ஷி அலுமாரிக் கண்ணாடிக்குள் பார்த்தாள். "அதுக்குள்ள தண்ணி ஏறிரும் மிஸ்" என்றாள்.

அடுத்த கிழமை, காணொளிக் கொண்டாட்ட உத்தியோகத்தர் ஃபைஸல் வந்து இறங்கினார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் இரண்டு போன், பின்னால் கமெரா தூக்க ஒருவர். நூலகத்தைச் சுற்றிப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"மிஸ், இங்க எடுக்க ஏலாது. பின்னுக்கு ஒரே புத்தகமா இருக்கு. பாக்கிற ஆக்களுக்கு அலுப்புத் தட்டும்."

"நூலகம்தானே சேர்" என்றாள் முஃபீதா மெல்ல.

"அதைத்தான் நானும் சொல்றன். கண்டக்குழிக் கடற்கரைக்குப் போவம். புத்தகம் ஒண்டு, புள்ள ஒண்டு, கடல் ஒண்டு. அது போதும்."

பிள்ளை தேடப்பட்டது. வாசிக்கத் தெரிந்த பிள்ளை வேண்டும் என்று விதியில்லை, பல்வரிசை நன்றாக இருக்க வேண்டும் என்று மட்டும் இருந்தது. டிலுக்ஷிக்கு இரண்டும் இருந்தன. அலுமாரி திறந்து புத்தகம் வெளியே வந்ததும், அவளும் கேள்வி கேட்காமல் அதன் பின்னாலேயே ஃபைஸலின் வான் வண்டியில் ஏறிவிட்டாள்.

புத்தகத்தைப் புரட்டிய ஃபைஸல் நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் தாண்டியதும் நின்றார். இரண்டு பக்கத்தையும் நிறைத்துக்கொண்டு ஒரு படம். சிவந்த வானம், சிவந்த கடல், நடுவில் கழுதை. "அருமை! இதுதான். இதைப் பாத்துப் புள்ள சிரிக்கவேணும்" என்றார்.

ஆனால் கண்டக்குழிக் காற்றுக்குச் சுற்றறிக்கை போகவில்லை. வெள்ளைக்காரர் இடுப்பில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு, பலகையில் ஏறிக் கடலில் ஓடுவதற்கென்றே விமானம் ஏறி வருகிற காற்று அது. புத்தகத்தை விரித்த மாத்திரத்தில் பக்கங்கள் படபடவென்று ஓடின. டிலுக்ஷியின் கண்களும் கூடவே ஓடின. ஐம்பத்தொன்றில் ஒரு கால், அறுபதில் ஒரு வால், அதற்கு மேல் எதுவும் பிடிபடவில்லை. கல் வைத்துப் பார்த்தார்கள், காணொளியில் கல் அழகாக இல்லை. ஊசி குத்திப் பார்த்தார்கள், வெயிலில் மின்னியது. கடைசியில் ஃபைஸல் வண்டிக்குள்ளிருந்து ஒரு கம் போத்தலை எடுத்து வந்தார்.

"சேர், புத்தகத்தை ஒட்டப் போறீங்களா?" என்று கேட்டாள் முஃபீதா.

"புத்தகத்தைக் கொண்டாடப் போறம் மிஸ். படம் உள்ள பக்கத்தை விட்டுட்டு மிச்சத்தை ஒட்டினாச் சரி."

அவள் வாயைத் திறந்தாள். நிரந்தரக் கடிதம் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு, ஒட்டுவதற்கு வசதியாகப் புத்தகத்தைப் பிடித்துக் கொடுத்தாள். முன்பக்கங்கள் எல்லாம் ஒரு பலகை, பின்பக்கங்கள் எல்லாம் ஒரு பலகை. காற்று தோற்றுப் போனது.

"இப்ப சிரிங்க மகள்" என்றார் ஃபைஸல்.

டிலுக்ஷி சிரிக்கவில்லை.

"வாசிச்சு சந்தோசப்படுற மாதிரிச் சிரிங்க."

"கழுதை தண்ணியில தாழப் போகுது சேர். எப்பிடிச் சிரிக்கிற?"

"எந்தக் கழுதை?"

"இந்தப் படத்தில நிக்கிற கழுதை. தண்ணி ஏறுது."

ஃபைஸல் அப்போதுதான் படத்தைச் சரியாகப் பார்த்தார். "அது குளிக்க வந்திருக்கு" என்றார்.

பதினேழு தடவை எடுத்தார்கள். பதினேழாவது தடவை காற்றில் ஃபைஸலின் தொப்பி பறந்து ஒரு வெள்ளைக்காரரின் முகத்தில் ஒட்டியது. டிலுக்ஷி சிரித்துவிட்டாள். காணொளி முடிந்தது.

அதற்கு மெல்லிய வயலின் இசை சேர்த்து, 'ஒரு புத்தகம், ஒரு புன்னகை' என்று பெயர் வைத்து, வாசிப்பு மாதம் பிறந்த அன்று வெளியிட்டார்கள். பத்தே நாளில் எண்பத்தோராயிரம் பேர் பார்த்தார்கள். நான்காம் பந்தியின்படி எண்பத்தோராயிரம் பேர் அந்தக் கழுதைக் கதையை வாசித்து முடித்தார்கள். சுற்றுவட்டாரத்து வாசிப்பு ஒரேயடியாக நாலாயிரம் மடங்கு உயர்ந்ததாகத் திணைக்களம் அறிக்கை விட்டது. புத்தகம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டு, 'எண்பத்தோராயிரம் பேர் வாசித்த நூல், தொடாதீர்கள்' என்று எழுதப்பட்டது.

காணொளிக்குக் கீழே இதயங்கள் குவிந்தன. வாசிப்பு ஒரு சுவாசம் என்று நிறையப் பேர் எழுதினார்கள். ஆனால் யாரோ வேலையற்ற ஒருவர், 'அந்தக் கழுதைக்குப் பிறகு என்ன ஆனது?' என்று கேட்டுவிட்டார். அதற்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், 'எனக்கும் தெரிய வேண்டும்' என்று கீழே எழுதினார்கள். மூன்றாம் நாள் திணைக்களத்திலிருந்து அவசரக் கடிதம் வந்தது: மேற்படி கழுதையின் தற்போதைய நிலை குறித்து உடனடியாக அறிக்கையிடவும்.

ஃபைஸல் போன் எடுத்தார். "மிஸ், கழுதைக்கு என்ன நடந்த?"

"தெரியாது சேர்."

"நீங்க நூலகர்தானே? வாசிக்கல்லயா?"

முஃபீதா யோசித்தாள். அந்தப் புத்தகத்துக்கு அவள் எண் போட்டிருந்தாள். ஒன்பது இடத்தில் முத்திரை குத்தியிருந்தாள். உறை போட்டு, முதுகில் சீட்டு ஒட்டி, பதிவேட்டில் நீளம் அகலம் எல்லாம் எழுதியிருந்தாள். "வாசிக்கிறது என்ட கடமைப் பட்டியல்ல இல்ல சேர்" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"அப்ப எழுதின ஆளைக் கேளுங்க."

"அவர்ட போன் நம்பர் கடைசிப் பக்கத்தில சேர். கடைசிப் பக்கம் ஒட்டியிருக்கு."

 மறுமுனையில் ஃபைஸல் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, நான் பாத்துக்கொள்றன்" என்றார். அன்று மாலையே காணொளிக்குக் கீழே திணைக்களத்தின் உத்தியோகபூர்வப் பதில் வெளியானது: 'மேற்படி கழுதை உரிய அதிகாரிகளால் பாதுகாப்பாக மீட்கப்பட்டு, உரிமையாளரிடம் கையளிக்கப்பட்டது. தற்போதைய நிலை: நலம்.' எல்லாருக்கும் நிம்மதி. இரண்டாயிரம் இதயங்கள்.

ஒருவருக்கு மட்டும் நிம்மதியில்லை. மறுநாள் டிலுக்ஷி கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மிஸ், அந்தச் சேர் வாசிச்சாரா?"

"இல்ல மகள்."

"அப்ப சீனி நல்லா இருக்கு எண்டு எப்பிடித் தெரியும்?"

முஃபீதா நாள்களை எண்ணிப் பார்த்தாள். பதினெட்டு நாள், பிறகு பத்து நாள், பிறகும் நாள்கள். இந்தப் பிள்ளை இத்தனை நாளும் ஒரு கழுதையைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறாள். ஒட்டுவதற்குப் புத்தகத்தைப் பிடித்துக் கொடுத்த கை தன்னுடையது என்பதும் ஞாபகம் வந்தது. எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினாள். தேத்தண்ணி போடுகிற கேத்தலை அடுப்பில் வைத்தாள்.

கம் ஆவிக்கு இளகும். கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிற குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இது தெரியும், அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்பவர்களுக்கும் தெரியும். முஃபீதா புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து ஆவியில் பிடித்தாள், டிலுக்ஷி கருவாட்டுக் கத்தி பிடிக்கிற லாவகத்தோடு, கோடு போடுகிற அடிமட்டத்தை நுழைத்துப் பக்கம் பக்கமாகப் பிரித்தாள். பிரிந்த பக்கத்தை உடனே சத்தமாக வாசித்தாள். முதலில் முஃபீதா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். பிறகு கடிகாரத்தைப் பார்க்க மறந்தாள். பாலாவிக்குப் போகும் அவளுடைய பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது, அவள் அசையவில்லை.

சீனியை யாரும் மீட்கவில்லை. தண்ணீர் கழுத்தளவு வந்ததும் அது நீந்தத் தொடங்கியது. விடியும்போது ஒரு தீவில் ஏறியது. அங்கே மூட்டையே சுமந்திராத கழுதைகள் கூட்டமாக நின்றன. உப்பளக்காரர் படகில் வந்து கயிற்றைக் காட்டிக் கூப்பிட்டார். சீனி திரும்பிப் பார்த்துவிட்டு, புல் தின்னப் போய்விட்டது. அவ்வளவுதான் கதை.

டிலுக்ஷி சிரித்தாள். எல்லாப் பல்லும் தெரிய, கண்ணில் நீர் வர, கதிரையில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு சிரித்தாள். அங்கே கமெரா ஏதும் இருக்கவில்லை.

வீட்டுக்குப் போனவள், தாயின் போனை எடுத்து, கவலையோடிருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரு உதவியாக இருக்கட்டும் என்று எழுதினாள்: 'சீனியை யாரும் பிடிக்கல்ல. அது நீந்தித் தீவுக்குப் போச்சு. திரும்பி வரவே இல்ல. நான் வாசிச்சன்.'

அரை மணித்தியாலத்துக்குள் பதில்கள் பாய்ந்தன. 'பொய்த் தகவல் பரப்பாதீர்கள்.' 'திணைக்களமே சொன்ன பிறகு உங்களுக்கு என்ன?' எல்லாவற்றிலும் அதிக வரவேற்புப் பெற்றது இது: 'முதலில் புத்தகத்தை ஒழுங்காக வாசித்துவிட்டு வந்து கதையுங்கள்.' அதற்கு எண்ணூறு இதயங்கள். ஒன்று முஃபீதாவின் தங்கை ஸஃப்னா போட்டது. மறுநாள் காலையில் டிலுக்ஷியின் குறிப்பு நீக்கப்பட்டு, அனஸ்தாசியாவின் கணக்கு அந்தப் பக்கத்தில் முடக்கப்பட்டிருந்தது. வாசிப்பு மாதத்தில் முடக்கப்பட்ட ஒரே நபர், வாசித்த ஒரே பிள்ளைதான்.

மாத முடிவில் முஃபீதா படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. 'மேற்படி நூலை வாசித்தோர் தொகை' என்ற இடத்தில் ஐந்து கட்டங்கள். வெகுநேரம் பேனையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசிக் கட்டத்தில் 2 என்று எழுதி அனுப்பினாள். தன்னையும் சேர்த்துக்கொண்டதில் அவளுக்கு ஒரு சின்னப் பெருமை.

நாலாம் நாள் படிவம் திரும்பி வந்தது. 'பூச்சியங்கள் விடுபட்டுள்ளன. வெற்றுக் கட்டங்களை நிரப்பி மீள அனுப்பவும்.'

முஃபீதா அந்த நாலு வெற்றுக் கட்டங்களையும் பார்த்தாள். எல்லாம் இரண்டுக்கு முன்னால்தான் இருந்தன. நாலிலும் வட்டமாக, அழகாக, நாலு பூச்சியங்கள் போட்டாள். 00002. மறு தபாலிலேயே பதில் வந்தது: 'நன்றி. இப்போது சரி.' அதே உறைக்குள் நிரந்தர நியமனக் கடிதமும், சிறந்த வாசிப்பு மேம்பாட்டுக்கான நற்சான்றிதழும் இருந்தன.

கூடவே ஒரு பார்சல். திட்டம் வெற்றியடைந்ததால் எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பப்படுவதாக மேலே ஒட்டியிருந்தது. முஃபீதா பிரித்தாள். உள்ளே ஒரு புதுச் சிறுவர் புத்தகமும், அதோடு ரப்பர் வளையத்தால் கட்டிய ஒரு கம் போத்தலும் இருந்தன.

டிலுக்ஷி எட்டிப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள்.

"மிஸ், கேத்தலைப் போடவா?"